நெருக்கத்தில் விழுந்த பள்ளம்

அருங்காட்சியகத்தின் மாதிரிக் கூடத்தில் அவளைப் பல்லக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அங்கிருந்த தச்சர் கேட்டார். "பல்லு செஞ்சிட்டிருந்தேன்" என்று வெள்ளையாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். பல்லு அக்கா, மதியச் சாப்பாட்டுக்குள் பல்லக்கா ஆகிவிட்டாள். "பல்லக்கு வருது, வழி விடுங்கப்பா" என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. அவளுக்குக் கோபம் வரவில்லை. "பல்லக்குன்னா நாலு பேர் தூக்கணும். எங்கே, தூக்குங்க பாப்போம்" என்றாள். அவள் உடம்புவாகைப் பார்த்துவிட்டு யாரும் முன்வரவில்லை.

பல் செய்தது உண்மைதான். ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில், ஒரே ஒரு சன்னல் வைத்த நீள அறையில் அவள் இளமை கழிந்தது. மருத்துவர் நோயாளியின் வாயில் பசையை அழுத்தி அச்செடுத்து அனுப்புவார். அவள் அதில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி, கெட்டியானதும் பெயர்த்தெடுத்து, அந்தத் தாடைக்குப் பொருந்தும்படி பல் வரிசை கட்டுவாள். முகம் தெரியாது, வாய் தெரியும். பேருந்தில் யாராவது பெரிதாகச் சிரித்தால் "அட, இது நம்ம கீழ்வரிசை" என்று அவளுக்குத் தெரிந்துபோகும்.

புருஷன் அமைந்ததும் அந்த வழியில்தான். மருத்துவமனை லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், ஸ்பானர் வழுக்கி முன்பல்லை உடைத்துக்கொண்டார். அவள்தான் பல் செய்து கொடுத்தாள். பொருந்தவில்லை என்று திரும்பி வந்தார். சரிசெய்து கொடுத்தாள். மறுபடியும் வந்தார். அதற்கும் மறுபடி வந்தபோது, "பல்லு சரியாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் வேற ஏதோ சரியில்ல" என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவள் செய்த பல் அழகாகத்தான் இருந்தது.

கல்யாணத்தின்போது லிஃப்ட்காரரின் தங்கை ஊரில் இல்லை. கல்லையும் மண்ணையும் பற்றிப் படிக்க வெளிநாடு போயிருந்தாள். போனில் செய்தி கேட்டு, "பல்லு செய்யறவங்களா? அப்ப அண்ணனுக்கு வயசான காலத்துலயும் கவலையில்ல" என்று சொன்னாளாம். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை ஒரு சித்தி, ஒரு அத்தை, ஒரு பெரியம்மா என்று வாய் மாறி வாய் மாறி வந்து சேர்ந்தபோது, "என் அண்ணனுக்குப் பல்லு செய்யறவதான் கிடைச்சாளா?" என்றாகியிருந்தது. பல்லக்கா அதை மனசில் போட்டுப் பூட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இடையில் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. மரியாதைதான். "வாங்க." "சாப்பிட்டீங்களா?" "கிளம்பறீங்களா?" சண்டை போட்டிருந்தால்கூட என்றைக்காவது ஓய்ந்திருக்கும். மரியாதைக்கு ஏது ஓய்வு?

பல் செய்யும் வேலை இயந்திரங்களுக்குப் போனபோது பல்லக்கா அருங்காட்சியகத்துக்கு வந்தாள். மீன், பறவை முட்டை, மண்டையோடு என்று எதைக் கொடுத்தாலும் அச்செடுத்து வார்த்துவிடுவாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அப்படி இருக்கையில் பூமியின் பழங்காலத்துக்கென்று ஒரு புதிய கூடம் அமைப்பதாக முடிவானது. அதற்குத் தலைமை தாங்க ஒரு நிபுணரும் நியமிக்கப்பட்டார். இயக்குநர் அவரை மாதிரிக் கூடத்துக்கு அழைத்து வந்து, "இவங்கதான் நம்ம பல்லக்கா. கைன்னா கை, தங்கமான கை" என்று அறிமுகப்படுத்தினார்.

"தெரியும் சார். எங்க அண்ணிதான்" என்றாள் நிபுணர்.

இயக்குநர் பலமாகச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார்.

அலுவலகத்தில் நாத்தனாரை மேடம் என்று கூப்பிடுவதாகப் பல்லக்கா தீர்மானித்தாள். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. நாத்தனாரும் விட்டுக்கொடுக்காமல் "சொல்லுங்க" என்று மேடமாகவே இருந்தாள். வீட்டில் லிஃப்ட்காரர், "இன்னிக்கு மேடம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மேடம் சொன்னது இதுதான். நூறு கோடி ஆண்டுக்கும் முன்னால், புல் பூண்டு மீன் எதுவும் இல்லாத காலத்தில், சிதறிக் கிடந்த நிலங்கள் எல்லாம் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று மோதி ஒரே மாகண்டமாகச் சேர்ந்தன. மோதிய இடங்களில் மலைகள் எழும்பின. அதை ஒரு கண்ணாடிப் பெட்டியில், பார்க்க வருகிறவர்கள் தாங்களே சக்கரத்தைச் சுற்றி நடத்திப் பார்க்கும்படி காட்ட வேண்டும். இது பல்லக்காவுக்குச் சிரமமாகத் தெரியவில்லை. அடியில் சிலிக்கான் பசை, அதன்மேல் சாயம் போட்ட மணல் அடுக்கடுக்காக. ஒரு பக்கச் சுவர் மெல்ல நகர்ந்து தள்ளினால் மணல் மடிந்து எழும்பும், மலை தயார்.

"இது பாதிதான்" என்றாள் நாத்தனார். "எல்லாம் சேர்ந்திட்டிருந்த அதே காலத்துல, அந்த நெருக்கத்துக்கு நடுவுலேயே ஒரு இடத்துல நிலம் பிளந்து நீளமா உள்ள இறங்கியிருக்கு. ஆறுங்க மண்ணைக் கொண்டுவந்து அதை நிரப்பியிருக்கு. அந்தப் படுகையிலதான் நான் வேலை செஞ்சேன். மலை எழும்பறதும் பள்ளம் விழறதும் ஒரே பெட்டியில வரணும்."

பல்லக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "அதெப்படி மேடம்? கூட்டமான பஸ்ல பக்கத்துல இருக்கறவன் நெருக்கினா நமக்கு இடம் குறையுமா, கூடுமா?"

"அதைத்தான் நீங்க காட்டணும்."

"காட்டறேன். முதல்ல எனக்கு விளங்கணுமே."

நாத்தனார் போய், ஒரு நீளத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் பூமியைத் துளை போட்டு எடுத்த கல் உருளைகள், எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் கிடந்தன. மேலே மழமழப்பான களிமண் கல். நடுவில் மணற்கல், அதில் அலை வருடிவிட்டுப் போன வரிகள் அப்படியே இருந்தன. அடியில் கன்னாபின்னாவென்று உடைந்த கற்கள் ஒட்டிக் கிடந்த கரடு. அந்தக் கரட்டுக்கு இடையில் கறுப்பாக ஒரு பட்டை.

"இந்தக் கறுப்பு, பிளவு வழியா மேல வந்த எரிமலைக் குழம்பு. இதோட வயசைக் கணக்கு போட்டாச்சு. மத்த இடங்கள்ல மலை எழும்பின அதே காலம். கீழ இருக்கிற கல்லைத் தொட்டுப் பாருங்க."

பல்லக்கா விரலை ஓட்டினாள். "மூலையெல்லாம் கூரா இருக்கே."

"ஆத்துல ரொம்ப தூரம் உருண்டிருந்தா மழுங்கியிருக்கும். பக்கத்துலயே செங்குத்தா ஒரு சுவர் இருந்திருக்கு. அங்கிருந்து பொலபொலன்னு விழுந்ததுதான் இது. நிலம் இறங்கினா மட்டும்தான் அப்படி ஒரு சுவர் வரும்."

பல்லக்கா அந்தக் கூர்மையை விட்டு விரலை எடுக்க மனமில்லாமல் நின்றாள். எந்தக் கண்ணும் பார்க்காத ஒரு காலத்தில் ஒரு கல் விழுந்த சத்தம் அவள் காதில் கேட்பது போலிருந்தது. அன்று முதல் இது மேடத்தின் வேலையாக இல்லாமல் அவள் வேலையாயிற்று.

ஆனால் பெட்டி மசியவில்லை. நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து, பழைய லிஃப்ட் கதவிலிருந்து லிஃப்ட்காரர் கழற்றிக் கொடுத்த மோட்டாரை மாட்டி, ஒரு சுவரைத் தள்ளினாள். மலை எழும்பியது. பசையை இளக்கிப் பார்த்தாள். மலை. மணலைக் குறைத்துப் பார்த்தாள். சின்ன மலை. மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் பள்ளம் கேட்டால் மலைதான் கிடைத்தது. தச்சர் எட்டிப் பார்த்து, "மலையைக் கிள்ளி எறிய முடியாதுன்னு தெரியும். வராம தடுக்கவும் முடியலையா?" என்றார்.

திறப்பு விழா நெருங்கியது. குழுக் கூட்டத்தில் இயக்குநர் பொறுமையாகத்தான் சொன்னார். "எல்லாம் ஒண்ணு சேர்ந்தது, மலை வந்தது. ஜனங்களுக்கு அது போதும்மா. சேர்ந்திட்டு இருக்கும்போதே கிழிஞ்சதுன்னு சொன்னா குழப்பம்தான். அந்தப் படுகைக்குச் சுவத்துல ஒரு படம் வரைஞ்சு போட்டுடலாம்."

கூட்டம் முடிந்ததும் நாத்தனார் தன் அறைக்குப் போகவில்லை. மாதிரிக் கூடத்துக்கு வந்து, கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்தாள். நல்ல உடுப்பில் சாயம் ஒட்டுமே என்று பல்லக்காவுக்குப் பதறியது. முகத்தைப் பார்த்ததும் உடுப்பு மறந்துபோயிற்று.

"படிக்கிற காலத்துல இருந்து இதையேதான் கேக்கறேன்" என்றாள் நாத்தனார். "உன் படுகை பின்னாடி வந்ததா இருக்கும், அந்த மாகண்டம் உடைஞ்சப்ப விழுந்ததா இருக்கும், வயசுக் கணக்கை மறுபடி பாருன்னு. மறுபடியும் பாத்தேன். எத்தனை தடவை பாத்தாலும் அதேதான் வருது. ஆனா எப்படின்னு கேட்டா எனக்கும் பதில் இல்ல. போகட்டும். படத்தைப் போட்டு மூடிடலாம் அண்ணி."

அந்தக் கட்டடத்துக்குள் அவள் வாயிலிருந்து தானாக அண்ணி என்று வந்தது அதுதான் முதல் தடவை. இயக்குநர் முன்னால் சொன்னது வேறு; அது அடையாளம் சொன்னது.

பல்லக்கா சாயக் கையோடு நின்றாள். "படம்னா அவங்க அவங்க இஷ்டத்துக்கு வரையலாம். மண்ணு அப்படியில்ல, அதுக்கு எது முடியுமோ அதைத்தான் செய்யும். ஒரு வாரம் பொறு. அதுக்குள்ள மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத."

பொறுங்க என்று சொல்லவில்லை, பொறு என்றுதான் சொன்னாள். இருவருமே அதைக் கவனித்தார்கள். இருவருமே கவனிக்காதது போல் இருந்துகொண்டார்கள்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். லிஃப்ட்காரரின் தட்டு சன்னல் விளிம்புக்குக் குடிபெயர்ந்தது. விடுமுறை நாளன்று காலையில், பழைய மணலைக் களைந்துவிட்டு அடியில் இருந்த பசையை உள்ளங்கையால் அழுத்திப் பரப்பிக்கொண்டிருந்தாள். அழுத்த அழுத்தப் பசை நான்கு சுவரிலும் முட்டி, போக இடமில்லாமல் மேலே ஏறியது. அந்த ஏற்றத்தைப் பார்த்தவள் கையை அப்படியே நிறுத்தினாள். மருத்துவமனையில் அச்சுத் தட்டைப் பின்பக்கம் விளிம்பில்லாமல்தான் செய்திருப்பார்கள். வாயில் வைத்து அழுத்தினால் பசை முன்னால் எழும்பும். எழும்ப முடியாதது விளிம்பில்லாத பின்பக்கம் வழியாகத் தொண்டைக்கு நழுவும். நோயாளி குமட்டுவார். மருத்துவர் அவசரப்பட்டு அழுத்தியிருந்தால், நழுவிய பசைக்குப் பின்னால் ஒரு கிழிசல் விழுந்திருக்கும். அந்த மாதிரிக் கிழிசலைப் பார்த்து எத்தனை அச்சுகளைத் திருப்பி அனுப்பியிருப்பாள்!

"ஏங்க, ஸ்க்ரூடிரைவர் எங்க?"

தள்ளும் சுவரை விட்டுவிட்டு, அதன் பக்கவாட்டில் இருந்த கண்ணாடியைக் கழற்றி எடுத்தாள். மணல் அடுக்குகளை மறுபடி போட்டாள். மோட்டார் முனகியது. முதலில் வழக்கம்போல மலை எழும்பத் தொடங்கியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மலைக்கு முன்னால் இருந்த நிலம், நெருக்கம் தாளாமல், சுவரில்லாத பக்கம் ஒரு துண்டாக மெல்ல விலக ஆரம்பித்தது. விலகிய துண்டுக்குப் பின்னால் மயிரிழையாக ஒரு கோடு. கோடு அகன்றது. சிவப்பு அடுக்கு முறிந்து, வெள்ளை முறிந்து, நடுவில் ஒரு பட்டை தொபுக்கென்று உள்ளே இறங்கியது. இருபுறமும் செங்குத்தான சுவர். சுவரிலிருந்து மணிமணியாக மணல் உதிர்ந்தது.

டீயோடு வந்த லிஃப்ட்காரர், "ஏய், கிழியுது, கிழியுது, நிறுத்து!" என்று அலறினார்.

"கிழியட்டும்!" என்று கத்திவிட்டுப் பல்லக்கா போனை எடுத்தாள். "உடனே வா."

"என்ன அண்ணி? யாருக்கு என்ன ஆச்சு?"

"விழுந்திடுச்சு!"

"யாரு விழுந்தா? அண்ணனா?"

"அவரு இடிச்ச புளி மாதிரி நிக்கறாரு. பள்ளம்மா, பள்ளம்!"

நாத்தனார் ஒரு காலில் ஒரு செருப்பும் மறு காலில் வேறொரு செருப்புமாக மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு கழற்றிய கண்ணாடி இருந்த பக்கத்தில் குனிந்து நின்று, தனக்குத் தானே பேசுவது போல், "இந்தப் பக்கம் சுவர் இல்லேன்னா, அங்க என்ன இருந்திருக்கும்?" என்றாள்.

"அதை நீதான் சொல்லணும். எனக்குப் பெட்டி தெரியும், பூமி தெரியாது."

நாத்தனார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கடல்" என்றாள். "அந்தப் பக்கம் கடல் இன்னும் மூடாம இருந்திருக்கணும். வேற இடங்கள்ல நிலம் பக்கவாட்டுல இப்படி நழுவினது எனக்குத் தெரியும் அண்ணி. எங்க படுகைக்கு அதை யோசிச்சே பாக்கல. அந்தப் பக்கமும் முன்னாடியே ஒட்டியாச்சு, பூட்டியாச்சுன்னு நாங்களே முடிவு கட்டியிருந்தோம்." திடீரென்று எழுந்தாள். "ஆனா திசை சரியில்ல. எங்க படுகை நேரா இல்ல, சாஞ்சு கிடக்கு. இப்படி." சிந்தியிருந்த மணலில் விரலால் கோடு இழுத்தாள்.

"அப்ப தள்ளினது நேரா இருக்காது" என்றாள் பல்லக்கா. "சாய்வா வந்து இடிச்சிருக்கும்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். "புரியுது, மோட்டாரைச் சாய்க்கணும். இந்த டீயைக் குடிச்சிட்டு சாய்க்கலாமா?" என்றார் அவர்.

மாலைக்குள் பள்ளம் சாய்ந்து விழுந்தது. அது திறக்கத் திறக்கப் பல்லக்கா மாவு சலிக்கும் சல்லடையால் பொடி மணலைத் தூவிக்கொண்டே வந்தாள், ஆறுகள் செய்த வேலையை அவள் செய்தாள். பிறகு நீர் தெளித்து இறுகவிட்டு, தகட்டால் குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள். தூவிய மணல் சுவரோரம் தடித்தும் தள்ளிப் போகப் போக மெலிந்தும் ஆப்பு மாதிரி படிந்திருந்தது. நாத்தனார் தன் படுகையின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தாள். அச்சு வார்த்தது போல இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே குடும்பத்து முகம் என்று யாரும் சொல்லிவிடலாம்.

"இது நிரூபணம் இல்ல அண்ணி. இப்படி நடக்க முடியும்னு காட்டுது, அவ்வளவுதான். அந்தக் கடல் நிஜமாவே இருந்துதான்னு நான் போய்த் தேடணும்." வரைபடத்தில் படுகைக்கு அப்பால் விரலை வைத்தாள். "ஆனா எங்க தேடணும்னு இப்பத் தெரியுது."

அன்று அவள் அங்கேயே சாப்பிட்டாள். மேசையில் இடமில்லாததால் மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் நாத்தனார், "அண்ணி, உங்க கல்யாணத்தப்ப நான் ஏதோ சொன்னேன்னு உங்களுக்கு வருத்தம்னு கேள்விப்பட்டேன். நான் சொன்னது என்னன்னா…" என்று ஆரம்பித்தாள்.

"எனக்கு வந்து சேர்ந்தது என்னன்னு முதல்ல கேளு" என்றாள் பல்லக்கா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. லிஃப்ட்காரர், நடுவில் இருந்த சித்தி அத்தை பெரியம்மா எல்லோருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் போட்டார்.

மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மாட்டி, இயக்குநரைக் கூப்பிட்டுச் சுற்றச் சொன்னார்கள். மலை எழும்பியபோது தலையாட்டினார். நிலம் பிளந்தபோது மூக்குக்கண்ணாடி நழுவி மணலில் விழும் அளவுக்குக் குனிந்துவிட்டார். "இதை விட்டுடலாம்னு யாருப்பா சொன்னது?" என்று கேட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

கூடம் திறந்தது. பெட்டி சில நாள் மக்கர் செய்யும். காலைதோறும் மணல் அடுக்குகளைப் பல்லக்காதான் புதிதாகப் போட வேண்டும். அவள் அதற்கு அலுத்துக்கொண்டதில்லை. சக்கரத்தைச் சுற்றுகிறவர்கள் மலை வந்ததும் போய்விடுவார்களோ என்று முதலில் பயந்தாள். யாரும் போகவில்லை. கோடு விழும் அந்தக் கணத்தில் பெரியவர்கள்கூட "ஐயோ" என்று சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்புறம் மெதுவாக மறுபடி வைத்துச் சுற்றுவார்கள். அதை ஓரமாக நின்று பார்ப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

நாத்தனார் அடுத்த வறண்ட பருவம் முழுவதும் படுகைக்கு அப்பால் அலைந்து, பழைய கடற்தரையின் பச்சைப் பாறைகளைக் கண்டுபிடித்தாள். கணக்குப் போட்டதில் அவை படுகையைவிட இளையவை என்று தெரிந்தது. அப்படியென்றால் படுகை விழுந்தபோது அந்தக் கடல் இன்னும் மூடவில்லை. முன்பு மறுத்தவர்களில் சிலர் இப்போது யோசிக்கலாம் என்றார்கள், சிலர் இன்னும் மறுக்கிறார்கள். "மறுக்கட்டும். இனி மறுக்கறதுக்கு அவங்களும் வெயில்ல நடக்கணும்" என்றாள் நாத்தனார்.

அந்தப் பயணம் முடிவதற்குள் அண்ணனையும் அண்ணியையும் காரில் வரச் சொல்லியிருந்தாள். மலையை அறுத்துப் போட்டிருந்த ஒரு சாலை வளைவில் இறக்கி, "இதோ" என்றாள். ஒரு பக்கம் வழவழவென்று பழைய இறுகிய பாறை. மறு பக்கம் மூலை மழுங்காத கல் குவியல் உறைந்து நின்றது. இரண்டுக்கும் நடுவே வானம் வரை ஓடியது ஒரு கோடு. பல்லக்கா ஒரு உள்ளங்கையை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கைக்கு அடக்கமாகவே செய்து பழகியவளுக்கு மூச்சு முட்டியது.

"இவ்வளவு பெருசாம்மா?"

"ஆமா அண்ணி. அதோ அந்த ஊர், வயல், ஆறு எல்லாமே அந்தப் பள்ளத்துக்குள்ளதான் இருக்கு."

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "என்னம்மா தேடறீங்க? தங்கமா?" என்றார்.

நாத்தனார் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். அது மாலை வரை போகும் என்று தெரிந்த பல்லக்கா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லண்ணே. இந்தச் சுவர் விழுந்ததைப் பாத்துட்டிருக்கோம். நூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி."

டிரைவர் மேலே அண்ணாந்து பார்த்தார். "அப்ப இனிமே விழாது, இல்ல?" என்றார். அவள் விழாது என்று தலையாட்டிய பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று லாரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

பல்லக்கா அதற்குள் கீழே உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த கற்களில் கூரானவற்றைப் பொறுக்கி மடியில் சேர்க்க ஆரம்பித்திருந்தாள். கார் ஸ்பிரிங்கை நினைத்து லிஃப்ட்காரர் பெருமூச்சு விட்டார்.